"புரிந்தது சார்!" - வேண்டாம் இந்தப் பதில்!



கணக்குப் பாட வேளையில் உங்கள் ஆசிரியர் அதிகமாகக் கேட்கும் கேள்வி எது, சொல்லுங்கள் பார்க்கலாம்? "ஏழு எட்டு எவ்வளவு?" என்பதா? "வட்டத்தின் பரப்பளவு என்ன?" என்பதா? இரண்டும் இல்லை. "என்ன, எல்லாருக்கும் புரிந்ததா?" என்பதுதான்!

அதற்கு நீங்கள் சொல்லும் பதிலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "புரிந்தது சார்!" நாற்பது பேரும் ஒரே குரலில், ஒரே ராகத்தில் சொல்வீர்கள். ஆசிரியரும் மகிழ்ச்சியோடு கரும்பலகையை அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

அந்த நாற்பது பேரில் உண்மையாகவே புரிந்தவர்கள் எத்தனை பேர்? பக்கத்தில் இருப்பவன் சொன்னான், அதனால் நானும் சொன்னேன் என்பவர்கள் எத்தனை பேர்? மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் என்று யோசித்துக்கொண்டே வாயசைத்தவர்கள் எத்தனை பேர்? அது உங்களுக்குத்தான் தெரியும்!

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்று இந்தப் பதிலைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். கணக்கு வகுப்பில் நீங்கள் சொல்லும் பதில்களிலேயே மிகவும் ஆபத்தானது இதுதான். தப்பான விடைகூட இவ்வளவு ஆபத்தானது அல்ல! ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நடுவில் ஒரு படி இல்லை என்றால்...

வரலாற்றுப் பாடத்தில் சோழர்களைப் பற்றிச் சொன்ன நாளில் உங்களுக்குக் காய்ச்சல். பள்ளிக்குப் போகவில்லை. அதனால் அடுத்த வாரம் பாண்டியர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றுமே விளங்காமல் போய்விடாது. விட்ட பாடத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

கணக்கு அப்படி இல்லை. அது மாடிப்படி மாதிரி. ஐந்தாம் வகுப்பில் பின்னம் புரியவில்லை என்றால், அடுத்த வகுப்பில் விகிதம் தடுமாறும். அதற்கு அடுத்து சதவீதம் தடுமாறும். இயற்கணிதம் வரும்போது, "எனக்குக் கணக்கே வராது" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். உண்மையில் வராமல் போனது கணக்கு அல்ல. ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் கேட்காமல் விட்ட ஒரே ஒரு கேள்வி!

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 1/2 + 1/3 எவ்வளவு?

மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி, 2/5 என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். இது சரியா? ஒரு தோசையை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாதி சாப்பிட்டீர்கள். அம்மா இன்னும் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார்கள். அதையும் சாப்பிட்டாயிற்று. இப்போது நீங்கள் சாப்பிட்டது பாதியைவிட அதிகமாக இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் 2/5 என்பது, ஐந்து துண்டில் இரண்டு துண்டு. அது பாதியைவிடக் குறைவு! அப்படியானால் அம்மா கூடுதலாகக் கொடுத்த தோசை எங்கே போயிற்று?

தோசையை ஆறு சம துண்டுகளாக வெட்டுங்கள். பாதி என்றால் 3 துண்டு. மூன்றில் ஒரு பங்கு என்றால் 2 துண்டு. மொத்தம் 5 துண்டு. ஆகவே விடை 5/6.

வகுப்பில் எழுந்து நின்று "2/5 சார்" என்று சொன்ன பிள்ளைக்கு, இந்தத் தோசைக் கணக்கால் இரண்டு நிமிடத்தில் தெளிவு வந்துவிடும். அதே 2/5-ஐ மனத்துக்குள் வைத்துக்கொண்டு "புரிந்தது சார்" என்று சொன்ன பிள்ளை, அந்தத் தப்பை எட்டாம் வகுப்பு வரை சுமந்துகொண்டு போகும். இந்த இருவரில் யார் கெட்டிக்காரர்? நீங்களே சொல்லுங்கள்.

அடிமைச் சிறுவனும் சாக்ரடீசும்

தப்பான விடை எவ்வளவு பயன் உள்ளது என்பதற்கு ஒரு பழைய கணக்கு வகுப்பைக் காட்டுகிறேன். இது நடப்பது கிரேக்க நாட்டில். இதை எழுதியவர் பிளேட்டோ என்னும் அறிஞர். எழுதி ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நூலின் பெயர் 'மெனோ'. அதில் ஆசிரியராக வருபவர் சாக்ரடீஸ். மாணவன், கணக்கே படிக்காத ஓர் அடிமைச் சிறுவன்.

உங்கள் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு இரண்டு கட்டம் உள்ள ஒரு சதுரம் வரையுங்கள். உள்ளே 4 கட்டங்கள் இருக்கும். இதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 8 கட்டங்கள் அளவுள்ள சதுரம் வேண்டும். அதன் பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும்? இதுதான் சாக்ரடீஸ் கேட்ட கேள்வி.

"பக்கத்தையும் இரண்டு மடங்கு ஆக்கினால் போதும்" என்கிறான் சிறுவன். நீங்களும் வரைந்து பாருங்கள். பக்கம் 4 என்றால் கட்டங்கள் 16 ஆகிவிடுகின்றன! எட்டைத் தாண்டிப் போய்விட்டது. "அப்படியானால் 3" என்கிறான். எண்ணிப் பார்த்தால் 9. அதுவும் இல்லை. கடைசியில், "எனக்குத் தெரியவில்லை" என்று ஒப்புக்கொள்கிறான்.

சாக்ரடீஸ் கோபப்படவில்லை. தலையில் குட்டவும் இல்லை. பக்கத்தில் நின்றவரிடம், இந்தப் பையன் இப்போதுதான் நல்ல நிலைக்கு வந்திருக்கிறான் என்ற பொருளில் பேசுகிறார். முன்பு அவனுக்குத் தெரியாது. ஆனால் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது தெரியாது என்பது தெரிந்துவிட்டது. இனிமேல் ஆசையோடு தேடுவான் அல்லவா?

பிறகு மீண்டும் கேள்வி கேட்டபடியே அவனை விடைக்கு அழைத்துப் போகிறார். நீங்கள் வரைந்த 16 கட்டச் சதுரத்தில் நான்கு சிறிய சதுரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மூலைவிட்டம் போடுங்கள். நான்கு மூலைவிட்டங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் சாய்ந்த சதுரம் ஒன்று வரும்படி போட வேண்டும். ஒவ்வொரு சிறிய சதுரமும் பாதியாகிவிட்டது. பாதி என்றால் 2 கட்டம். நான்கு பாதிகள் சேர்ந்தால் 8 கட்டம்! சாய்ந்த அந்தச் சதுரம்தான் விடை.

கவனித்தீர்களா? பையன் சொன்ன இரண்டு தப்பான விடைகள்தான் அவனைச் சரியான விடைக்குக் கொண்டுவந்து சேர்த்தன. அவன் முதலிலேயே "புரிந்தது ஐயா" என்று சொல்லியிருந்தால் பாடம் அங்கேயே முடிந்துபோயிருக்கும்.

விடை சரி, வழி தப்பு!

"நான் நல்ல மதிப்பெண் வாங்குகிறேனே, எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காக இன்னொரு செய்தி.

1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர், பென்னி என்ற சிறுவனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார. பென்னிக்கு வயது 12. ஆறாம் வகுப்பு. அவன் படித்த முறையில் ஆசிரியரோடு பேச்சு மிகக் குறைவு. ஒவ்வொரு பிள்ளையும் பயிற்சித் தாள்களைத் தனியாகப் போட வேண்டும். விடைத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். தேவையான மதிப்பெண் வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். பென்னி நன்றாகவே முன்னேறிக்கொண்டிருந்தான். நல்ல மாணவன் என்று பெயரும் இருந்தது.

ஆய்வாளர் அவனோடு உட்கார்ந்து பேசினார். 5/10-ஐத் தசமத்தில் எழுதச் சொன்னார். பென்னி 1.5 என்று எழுதினான்! எப்படி வந்தது? ஐந்தையும் பத்தையும் கூட்டினால் 15. நடுவில் ஒரு புள்ளி. அவ்வளவுதான்! 4/11 கேட்டால் அதற்கும் 1.5 தான். 5/10-க்குச் சரியான விடை 0.5 என்று உங்களில் பலருக்குத் தெரியும். பாதி எப்படி ஒன்றரை ஆகும்? ஆனால் பென்னிக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கணக்கு என்றால் யாரோ எப்போதோ போட்டுவைத்த விதிகள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

அவன் தாளை எல்லாரும் திருத்தினார்கள். "இது எப்படி வந்தது, சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை!

சரியான விடைக்குப் பின்னாலும் தப்பான வழி ஒளிந்திருக்கலாம். வேடிக்கையான ஒரு கணக்கு சொல்கிறேன். 16/64-ஐச் சுருக்க வேண்டும். ஒரு பையன் மேலே உள்ள 6-ஐயும் கீழே உள்ள 6-ஐயும் அடித்துவிட்டு 1/4 என்று எழுதுகிறான். விடை சரி! விடையை மட்டும் பார்த்தால் முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம். அதே வழியில் 13/36-ஐச் சுருக்கிப் பாருங்கள். இரண்டு 3-ஐயும் அடித்தால் 1/6 வரும். அது தப்பு. 16/64-இல் விடை சரியாக வந்தது தற்செயல்தான். மேலும் கீழும் 16-ஆல் வகுப்பதுதான் முறையான வழி.

ஆகவே, முதல் மதிப்பெண் வாங்கும் மாணவர்களும் "எப்படி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக வேண்டும்.

கேள்வி கேட்பது எப்படி?

"புரியவில்லை சார்" என்று மட்டும் சொன்னால் போதுமா? போதாது. மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவர் என்ன செய்வார்? தலையா, வயிறா, எப்போதிலிருந்து என்று சொன்னால்தானே மருந்து கொடுக்க முடியும்? கணக்கிலும் எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"சார், மூன்றாவது வரி வரைக்கும் புரிகிறது. நான்காவது வரியில் 12 எங்கிருந்து வந்தது?"

"டீச்சர், இங்கே ஏன் பெருக்குகிறோம்? ஏன் கூட்டக்கூடாது?"

"நான் வேறு மாதிரி போட்டேன். விடை ஒன்றாகத்தான் வருகிறது. என் வழியும் சரியா?"

"இதே கணக்கில் எண்ணுக்குப் பதிலாக பூஜ்யம் வந்தால் என்ன ஆகும்?"

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கணித மேதை சீனிவாச ராமானுஜன் கும்பகோணத்தில் படித்த காலத்தில், ஓர் எண்ணை அதே எண்ணால் வகுத்தால் 1 வரும் என்று ஆசிரியர் சொன்னாராம். "பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா?" என்று ராமானுஜன் கேட்டாராம். இப்படி ஒரு நிகழ்ச்சியை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்வார்கள். அருமையான கேள்வி! 3-ஐ எதனால் பெருக்கினால் 3 வரும்? 1 மட்டும்தான். பூஜ்யத்தை எதனால் பெருக்கினால் பூஜ்யம் வரும்? 1 ஆனாலும் வரும், 7 ஆனாலும் வரும், 100 ஆனாலும் வரும்! ஒரே ஒரு விடை கிடைக்காததால்தான் பூஜ்யத்தால் வகுப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பயமாக இருக்கிறதே!

"கேட்டால் திட்டுவார்களே", "பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்களே" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் அல்ல, நாடு முழுவதும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டம் வகுத்தபோது, கணக்குப் பாடம் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அப்போது சென்னை கணித அறிவியல் நிறுவனப் பேராசிரியராக இருந்த ஆர். ராமானுஜம் அதன் தலைவர். கணக்குப் பாடத்தின் முக்கியச் சிக்கல்களில் முதலாவதாக அந்தக் குழு சொன்னது, பெரும்பாலான பிள்ளைகளிடம் இருக்கும் பயத்தையும் தோல்வி உணர்வையும்தான்.

ஆசிரியர் அடிப்பார் என்ற பயத்துக்குச் சட்டமே முடிவு கட்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகும்படி வதைப்பதையும் தடை செய்கிறது. பிரம்பு போய்விட்டது. ஆனால் வகுப்புத் தோழர்களின் சிரிப்பை எந்தச் சட்டத்தால் நிறுத்த முடியும்? அது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை தப்பாகப் பதில் சொல்லும்போது "ஹே!" என்று சிரிக்கிறீர்களே, அன்றோடு அந்தப் பிள்ளை வாயைத் திறக்காமல் போய்விடலாம். பிரம்பால் விழும் அடியைவிட இது பெரிய அடி.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் "சார் நானு, சார் நானு" என்று கத்தாதீர்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற பேராசிரியை, பல வகுப்பறைகளில் அறிவியல் பாடம் நடந்ததை ஒலிப்பதிவு செய்து கேட்டார். தம் முடிவுகளை 1974இல் எழுதினார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரே ஒரு விநாடி! அதை மூன்று விநாடி ஆக்கியதும், அதிகப் பிள்ளைகள் பேசினார்கள். விடைகளும் விரிவாக வந்தன. அறிவியலுக்கே இப்படி என்றால், கணக்குக்குக் கேட்கவா வேண்டும்? உங்கள் மூன்று விநாடிப் பொறுமை, பக்கத்தில் இருக்கும் தோழிக்கு யோசிக்க வழிவிடும்.

ஆசிரியருக்கு நேரம் இல்லையே!

இது நியாயமான பேச்சுதான். நாற்பது நிமிடம், நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய போர்ஷன் வேறு. ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டால் பாடம் எப்போது முடியும்?

அதற்கு வழி இருக்கிறது. கேள்வியை நோட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். இடைவேளையில் கேளுங்கள். அதைவிடச் சுலபமான வழி, பக்கத்தில் இருக்கும் நண்பனைக் கேட்பது. இது நம் ஊருக்குப் புதிதல்ல. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒரு மாணவர் இருப்பார். ஆசிரியருக்கு உதவியாகச் சிறிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்.

சென்னை எழும்பூரில் இருந்த ஓர் அநாதைப் பள்ளிக்கு 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பொறுப்பேற்றார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தம் பள்ளிக்கும் கொண்டுவந்தார். அங்கே, தெரிந்த மாணவரைக் கொண்டே தெரியாத மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் இங்கிலாந்தில் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். அந்த முறைக்கே 'மெட்ராஸ் முறை' என்று பெயர் வந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் இருக்கிறது!

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். நண்பனுக்கு உதவுவது என்றால், நோட்டைக் கொடுத்துக் காப்பி அடிக்க விடுவது அல்ல. "எங்கே நின்றுபோனாய்?" என்று கேட்டு அங்கிருந்து சொல்லிக்கொடுப்பதுதான். சொல்லிக்கொடுக்கும்போது உங்களுக்கும் அந்தக் கணக்கு ஆழமாகப் பதியும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தை உங்கள் ஆசிரியர்களும் படிப்பார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்ற ஒரே பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "இந்த வரி எப்படி வந்தது, யார் சொல்கிறீர்கள்?" என்று கேட்கலாம். தப்பான விடை வந்தால் "உட்கார்" என்று சொல்லாமல், "எப்படிப் போட்டாய்?" என்று கேட்கலாம். சரியான விடை வந்தாலும் அதே கேள்வியைக் கேட்கலாம். அப்போதுதான் "எப்படி?" என்றாலே தப்பு செய்துவிட்டோம் என்ற பயம் பிள்ளைகளுக்கு வராது. ஐந்து கணக்குகளை விறுவிறு என்று போட்டு முடிப்பதைவிட, இரண்டு கணக்குகளைப் பேசிப் பேசிப் போடுவது மேல் என்பது என் கருத்து. விட்ட மூன்று கணக்குகளைப் பிள்ளைகள் தாங்களே போட்டுவிடுவார்கள்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்

ஓய்வு பெற்றாலும் வீட்டுப்பாடம் கொடுக்கும் பழக்கம் போகவில்லை! இந்தக் கணக்கை உங்கள் நண்பர்கள் ஐந்து பேரிடம் கேளுங்கள்.

8 + 4 = ? + 5

கேள்விக்குறி உள்ள இடத்தில் என்ன எண் வரும்? சிலர் 12 என்பார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சரியான விடை 7. ஏனென்றால் சமக்குறி என்பது தராசு மாதிரி. இந்தத் தட்டில் 12 இருந்தால் அந்தத் தட்டிலும் 12 இருக்க வேண்டும்.

ஆனால் விடையைச் சொல்வதற்கு அவசரப்படாதீர்கள். முதலில் மூன்று விநாடி காத்திருங்கள். பிறகு "எப்படி வந்தது?" என்று கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள். ஒவ்வொருவரும் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரியும்போது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இன்னொரு வீட்டுப்பாடமும் உண்டு. அடுத்த கணக்கு வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. நீங்கள் கேட்ட அதே கேள்வி, இன்னும் பத்துப் பேர் மனத்திலும் இருக்கும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். கணக்கிலும் கேட்ட பிள்ளைக்குத்தான் கணக்கு வரும்!

என்ன செல்வங்களே, நான் சொன்னது எல்லாருக்கும் புரிந்ததா?

உடனே "புரிந்தது சார்" என்று சொல்லிவிடாதீர்கள்! எது புரியவில்லை என்று யோசித்துச் சொல்லுங்கள். வாழ்த்துகள்!